டீசல் காரா, பெட்ரோல் காரா? ராஜபாளையம் போய் வர எது லாபம்? மாசம் ஆயிரம் மிச்சம் பிடிக்க 2 ஆயிரம் கட்டும் கதை

தளவாய்புரம்:-

"டீசல் வண்டின்னா செலவு கம்மி. கண்ணை மூடிக்கிட்டு வாங்குப்பா."

தளவாய்புரம், முகவூர், செட்டியார்பட்டி பக்கம் கார் வாங்க நினைக்கும் யாருக்கும் முதலில் கிடைக்கும் யோசனை இதுதான். நைட்டி தைத்து, கடன் வாங்கி நாலு மிஷின் போட்டு, கொஞ்சம் தலை நிமிர்ந்ததும் வீட்டுக்கு ஒரு கார் என்று ஆசைப்படும் குடும்பங்கள் இங்கு நிறைய. தினமும் ராஜபாளையம் போய் வரணும், எப்போதாவது ஸ்ரீவில்லிபுத்தூர். அதற்கு டீசல்தான் சரி என்று பலரும் நம்புகிறார்கள்.

இந்த யோசனை ஒரு காலத்தில் சரியாகத்தான் இருந்தது. இப்போது அந்தக் கணக்கு மாறிப்போச்சு.

அந்தக் காலத்து விலை

2010-ம் ஆண்டு ஜூன் மாதம் பெட்ரோல் விலைக் கட்டுப்பாட்டை மத்திய அரசு எடுத்துவிட்டது. டீசலை மட்டும் விடவில்லை. லாரி வாடகை ஏறும், காய்கறி விலை ஏறும் என்ற பயம்தான் காரணம். விளைவு, 2012 மே மாதம் டெல்லியில் பெட்ரோல் லிட்டர் 73 ரூபாயைத் தாண்டியபோது டீசல் 41 ரூபாய்க்கு உள்ளேயே இருந்தது. லிட்டருக்கு 32 ரூபாய் வித்தியாசம்! லாரிக்காகக் கொடுத்த சலுகையை கார்க்காரர்களும் அனுபவித்தார்கள். கம்பெனிகளும் சின்ன கார்களிலேயே டீசல் என்ஜினைப் பொருத்தி விற்றுத் தள்ளின.

2013 ஜனவரியில் இருந்து மாதம் 50 காசு வீதம் டீசல் விலையை ஏற்றிக்கொண்டே வந்தார்கள். 2014 அக்டோபரில் டீசல் கட்டுப்பாடும் போய்விட்டது. 2021 ஆகஸ்டு மாதம் தமிழக அரசு பெட்ரோலுக்கு மட்டும் லிட்டருக்கு 3 ரூபாய் வரி குறைத்தது. 2024 மார்ச்சில் 2 ரூபாய் குறைத்த பிறகு சென்னையில் பெட்ரோல் 100 ரூபாய் 75 காசு, டீசல் 92 ரூபாய் 34 காசு. ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறும். ஆனால் வித்தியாசம் வெறும் 8 ரூபாய் சொச்சம்தான்.

32 எங்கே, 8 எங்கே?

பேனாவும் பேப்பரும்

தளவாய்புரத்தில் இருந்து ராஜபாளையம் போய் வர, ஊருக்குள் சுற்றுவதையும் சேர்த்து, ஒரு நாளைக்கு 25 கி.மீ. என்று வைத்துக்கொள்வோம். மாதம் 26 நாள். மொத்தம் 650 கி.மீ.

பெட்ரோல் கார் லிட்டருக்கு 16 கி.மீ. கொடுத்தால் மாதம் 40 லிட்டருக்கு கொஞ்சம் மேல். அந்த 2024 விலையில் சுமார் 4 ஆயிரத்து 100 ரூபாய். டீசல் கார் 20 கி.மீ. கொடுத்தால் 32 அரை லிட்டர். சுமார் 3 ஆயிரம் ரூபாய். மிச்சம் மாதம் 1,100 ரூபாய்.

"அதுவே லாபம்தானே?" என்று கேட்கலாம். இருங்க, வண்டி விலையைப் பார்க்கணும்.

ஒரே மாடல் புது வண்டியில் டீசலுக்கு ஒரு லட்சம் ரூபாய் கூடுதல் என்று குறைவாகவே வைப்போம். கையில் காசு இருப்பவருக்கு அதுவே திரும்பி வர ஏழு வருஷத்துக்கு மேல் ஆகும். நம்ம ஆட்களில் பலரும் லோன் போட்டுத்தான் வாங்குகிறார்கள். அந்தக் கூடுதல் ஒரு லட்சத்துக்கு மட்டும் 10 சதவீத வட்டியில் 5 வருஷ தவணை என்றால் மாதம் 2 ஆயிரத்து 125 ரூபாய் வருகிறது. அதாவது 1,100 ரூபாயை மிச்சம் பிடிக்க 2 ஆயிரத்து 125 ரூபாய் கட்ட வேண்டியது! தவணை முடிந்த பிறகுதான் லாபம் தொடங்கும். போட்ட காசு திரும்பி வர மொத்தம் ஒன்பதரை வருஷம். அதற்குள் டயர், பேட்டரி எல்லாம் மாற்றியாகிவிடும்.

இதே ஆள் தினமும் 100 கி.மீ. ஓட்டுபவர் என்றால் கதையே வேறு. மிச்சம் மாதம் 4 ஆயிரத்து 300 ரூபாய்க்கு மேல் போகும். தவணை கட்டியது போகவும் கையில் நிற்கும். மதுரைக்கு வாரத்தில் நாலு நாள் சரக்கோடு போய் வருபவர் டீசலை நினைப்பதில் தப்பே இல்லை.

(தனியாளாக ராஜபாளையம் போய் வருபவருக்கு இன்னொரு கணக்கும் உண்டு. 50 கி.மீ. கொடுக்கும் டூவீலரில் இதே 650 கி.மீ.க்கு 13 லிட்டர். 1,310 ரூபாயோடு முடிந்தது.)

சூடாகும் முன்னே இறங்கிவிட்டால்...

பணத்தை விட பெரிய தலைவலி என்ஜினில் இருக்கிறது.

பெட்ரோல் என்ஜினில் பிளக் தீப்பொறி விட்டுப் பற்ற வைக்கும். டீசல் என்ஜினில் பிளக் பொறி கிடையாது. காற்றை அமுக்கி அமுக்கி கொதிக்க வைத்து, அந்தச் சூட்டிலேயே டீசலை எரிய வைக்கிறார்கள். அதனால்தான் ஒரு லிட்டரில் கூடுதல் தூரம் ஓடுகிறது. ஆனால் அந்த என்ஜின் முழுசா சூடு ஏற நேரம் எடுக்கும். கடைக்கு 2 கி.மீ., ஸ்கூலுக்கு 3 கி.மீ. என்று ஓட்டி நிறுத்தினால் சூடு ஏறும் முன்பே வண்டி நின்றுவிடும். மைலேஜும் வராது, கரியும் படியும்.

2020 ஏப்ரல் 1-ந்தேதி பி.எஸ்.6 விதி வந்த பிறகு இது இன்னும் முக்கியம். அதன் பின் வந்த டீசல் கார்களின் புகைக்குழாயில் கரியைப் பிடிக்கும் வடிகட்டி இருக்கிறது. மெக்கானிக்குகள் 'டி.பி.எப்.' என்பார்கள். அதில் சேரும் கரியை வண்டியே எரித்துச் சாம்பலாக்கிக் கொள்ளும். ஆனால் அதற்கு புகைக்குழாய் ஏறத்தாழ 600 டிகிரி வரை சூடாக வேண்டும். நல்ல ரோட்டில் 60 கி.மீ. வேகத்துக்கு மேல் கால் மணி, இருபது நிமிஷம் நிறுத்தாமல் ஓட்டினால்தான் அது நடக்கும். ஊருக்குள்ளேயே சுற்றும் வண்டியில் வடிகட்டி அடைத்துக்கொண்டு விளக்கு எரியும். விளக்கு எரிந்த அன்றே தென்காசி ரோட்டில் ஒரு ஓட்டம் விட்டு வந்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். கண்டுக்காமல் ஓட்டினால் வண்டி இழுக்காது. கடைசியில் வடிகட்டியையே மாற்று என்பார்கள். அது ஆயிரத்தில் முடியாது, பல பத்தாயிரம். "கழற்றி எறிஞ்சிடுங்க" என்று யோசனை சொல்பவர்களை நம்பக்கூடாது. அது சட்டப்படி தப்பு.

இந்தச் செலவும், விலை வித்தியாசம் சுருங்கியதும் சேர்ந்துதான் சின்ன டீசல் காரின் கதையை முடித்தது. மாருதி 2020 ஏப்ரலோடு டீசல் கார்களை நிறுத்திவிட்டது. இப்போது டீசல் என்றால் பெரும்பாலும் பெரிய வண்டிகள்தான். நைட்டி பண்டல் ஏற்றும் 'குட்டியானை' கூட 2005-ல் டீசலில்தான் வந்தது. இன்று அதிலேயே பெட்ரோலும் கிடைக்கிறது.

பெட்ரோல் வண்டிக்காரர்களுக்கும் ஒரு குறை உண்டு. பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலக்கிறார்கள். எத்தனாலில் சக்தி குறைவு என்பதால் மைலேஜ் கொஞ்சம் அடி வாங்கும். பழைய வண்டிகளில் கூடுதலாகவே தெரியும்.

பழைய டீசல் கார் வாங்கலாமா?

இங்கே பலருக்கும் உண்மையான கேள்வி இதுதான். பழைய சுவிப்ட், டிசையர், ரிட்ஸ் டீசல்களில் மைலேஜ் நன்றாகவே வரும். 20, 30 ஆயிரம்தான் விலை வித்தியாசம் என்றால் இரண்டு, மூன்று வருஷத்தில் காசு திரும்பிவிடும்.

ஆனால் ஒரே ஒரு ரிப்பேர் அந்த லாபத்தை விழுங்கிவிடும். டீசல் இன்ஜெக்டர், பம்ப், டர்போ எதில் கை வைத்தாலும் பில் பெரிது. அதோடு டீசல் காரை வாங்கியவர் நிறைய ஓட்டத்தான் வாங்கியிருப்பார். மீட்டரில் 60 ஆயிரம் கி.மீ. என்று காட்டினால் உடனே நம்பாமல் சர்வீஸ் பில்களோடு ஒத்துப் பார்க்க வேண்டும். ஆர்.சி. புத்தகத்தில் எத்தனையாவது உரிமையாளர், முன்பு வாடகை வண்டியாக இருந்ததா, லோன் பாக்கி இருக்கிறதா என்பதையும் பார்க்கணும். பதிவு செய்து 15 வருஷம் நெருங்கும் வண்டி என்றால் பதிவைப் புதுப்பிக்கும் செலவு வாங்குபவர் தலையில்தான் விழும்.

இன்னொன்று. வண்டி பார்க்க காலையில்தான் போகணும். ராத்திரி முழுக்க நின்று ஆறிய என்ஜினை நம் கண் முன்னால் ஸ்டார்ட் செய்யச் சொல்ல வேண்டும். ரெண்டு மூணு தடவை இழுத்துத்தான் பிடிக்கிறதா, நீலப் புகை வருகிறதா, வெள்ளைப் புகை நிற்காமல் வருகிறதா என்று அப்போதுதான் தெரியும். "இப்பதான் ஓட்டிட்டு வந்தேன் அண்ணே" என்று என்ஜினை சூடாக நிறுத்தி வைத்திருந்தால், "சரிப்பா, நாளைக்கு காலைல வர்றோம்" என்று சொல்லிவிட்டுத் திரும்புவதே நல்லது.