ஐவர் ஏற்கும் அகதிக் குடும்பம்

அகதியாய் வந்திறங்கும் குடும்பத்துக்கு உணவும் உறைவிடமும் அரசாங்கமே கொடுத்துவிடலாம். ஆனால், பனிக்காலத்துக்கு எவ்வகை மேலங்கி வேண்டும், பேருந்தில் எங்கே ஏறுவது, பிள்ளையின் பள்ளியில் யாரிடம் பேசுவது என்பனவற்றை யார் சொல்லிக் கொடுப்பது? அண்டை அயலார்தாம் அதற்கு உரியவர்கள்.

கனடா நாட்டினர் இவ்வுண்மையைச் சட்டத்திலேயே சேர்த்தனர். 1978இல் நடைமுறைக்கு வந்த குடிநுழைவுச் சட்டத்தின்படி, ஐவர் கூடிக் கையொப்பமிட்டு ஓர் அகதிக் குடும்பத்தைப் பொறுப்பேற்க முடிந்தது. ஓராண்டுக்கு வாடகை, உணவு, உடை யாவும் அவர்கள் பொறுப்பு. தேவாலயங்களும் சங்கங்களும் இவ்வாறே ஏற்க முடிந்தது.

மறு ஆண்டே சோதனை வந்தது. வியட்நாமிலிருந்து படகேறிய மக்கள் திரங்கானுவை அடுத்த பீடோங் தீவில் நெருக்கியடித்துக் கிடந்தனர். மக்கள் ஒருவரை ஏற்றால் தானும் ஒருவரை ஏற்பதாக 1979 ஜூலையில் கனடா அரசாங்கம் அறிவித்தது. 1979, 1980 ஆகிய ஈராண்டுகளில் வியட்நாம், லாவோஸ், கம்போடியா நாட்டவர் ஏறத்தாழ 60,000 பேர் அங்குக் குடியேறினர். அவர்களுள் பாதிக்கு மேற்பட்டோர் பொதுமக்கள் ஏற்றவர்கள். 1986இல் ஐ.நா.வின் நான்சென் பதக்கம் கனடா மக்களுக்கே வழங்கப்பட்டது.

ஆயினும் இம்முறையில் ஓர் இடர்ப்பாடு உண்டு. வாடகை கொடுப்பவர் அறிவுரையும் கொடுப்பார். பெறுபவருக்கு மறுக்க நா எழாது. ஓராண்டு நிறைந்ததும் கையொப்பத்தின் கடமையும் தீர்ந்துவிடுகிறது. பதின்மூன்றாம் மாதத்து வாடகையை, மொழி இன்னும் பிடிபடாத தகப்பனார்தான் கட்டியாக வேண்டும்.