நான்கு வீடு கண்ட விளக்கு

சென்னையில் ஆட்டோவில் ஏறி “லைட் ஹவுஸ்” என்றால் போதும், எது என்று யாரும் கேட்கமாட்டார்கள். மெரினாவின் தெற்கு ஓரத்தில், சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை தீட்டி நிற்கிற முக்கோணக் கோபுரம்தான். அது இந்த நகரத்தின் நான்காவது கலங்கரை விளக்கம் என்பது பலருக்குத் தெரியாது. முந்தைய மூன்று இடங்களும் இடிந்துபோய்விடவில்லை. நான்கும் சுமார் 5 கிலோமீட்டருக்குள், கடலோரமாக இன்றும் நிற்கின்றன.

பதினெட்டாம் நூற்றாண்டு மதராசுக்குத் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் கரையிலிருந்து தள்ளி நங்கூரம் போடும். சரக்கும் ஆளும் மசூலா படகில் அலைகளைத் தாண்டி வந்து சேரவேண்டும். பலகைகளை ஆணி அடிக்காமல் கயிற்றால் தைத்த படகு அது. அலை அடித்தால் உடையாமல் வளைந்து கொடுக்கும். பகலிலேயே இந்தப் பாடு. இரவிலோ, தட்டையான இந்தக் கரையில் எது கோட்டை, எது வெறும் மணல் என்று கடலிலிருந்து கண்டுபிடிக்க வழியே இல்லை.

அதனால் 1796-ல் புனித ஜார்ஜ் கோட்டைக்குள், வணிகர்கள் கூடும் எக்ஸ்சேஞ்ச் கட்டடத்தின் மொட்டைமாடியில் விளக்கு ஏற்றினார்கள். தேங்காய் எண்ணெய் விளக்கு. அந்தக் கட்டடம்தான் இன்றைய கோட்டை அருங்காட்சியகம். வருகிறவர்கள் பீரங்கியையும் பழைய நாணயங்களையும் பார்த்துவிட்டுப் போகிறார்கள். தலைக்கு மேலே விளக்கு எரிந்த கதை அவர்கள் காதுக்கு எட்டுவதில்லை.

விளக்கு ஏன் இடம் மாறிக்கொண்டே இருந்தது என்பதற்குப் பெரும்பாலும் உயரம்தான் பதில். பூமி உருண்டை என்பதால், எவ்வளவு பிரகாசமான விளக்கும் ஒரு தூரத்துக்கு அப்பால் கடலின் வளைவுக்குக் கீழே மறைந்துவிடும். 10 மீட்டர் உயரத்திலிருந்து பார்த்தால் அடிவானம் சுமார் 11 கிலோமீட்டரில் முடிகிறது. 57 மீட்டர் உயரம் போனால் சுமார் 27 கிலோமீட்டர். பார்க்கிற மாலுமியும் கப்பலின் மேல்தளத்தில் நின்றால் இன்னும் கொஞ்சம் கூடும். ஆக, எண்ணெயை மட்டும் கூட்டிப் பயனில்லை, விளக்கு மேலே ஏறவேண்டும்.

ஏறியது. கோட்டைக்கு வடக்கே, கேப்டன் ஸ்மித் என்ற ராணுவப் பொறியாளர் வடிவமைத்த கருங்கல் தூணில் 1844 ஜனவரி முதல் தேதி விளக்கு எரியத் தொடங்கியது. கிரேக்கக் கோயில் தூண் ஒன்று தனியே பிரிந்து வந்து நிற்பது போன்ற தோற்றம். ஐம்பது வருடம் தனி ராஜாவாக இருந்த அந்தத் தூணுக்குப் பக்கத்திலேயே, 1892-ல் உயர் நீதிமன்றம் செங்கல் சிவப்பில் எழும்பியது. நீதிமன்றத்தின் உச்சிக் கோபுரத்துக்கு முன் தூண் குள்ளமாகிவிட்டது. 1894-ல் விளக்கு அந்தக் கோபுரத்துக்கே குடிபோனது. கீழே வாய்தா, மேலே வெளிச்சம் என்று எண்பது வருடத்துக்கு மேல் ஒரே கட்டடத்தில் இரண்டு அலுவலகம்! நான்கில் மிக அழகான ஏற்பாடு இதுதான்.

அந்தக் காலத்தில்தான் எம்டன் வந்தது. 1914 செப்டம்பர் 22 இரவு, ஜெர்மானியப் போர்க்கப்பல் துறைமுகத்துக்கு எதிரே நின்று குண்டு வீசியது. போர் தொடங்கியும் நகரம் விளக்கை அணைத்துப் பழகியிருக்கவில்லை. பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்தன. நீதிமன்ற மதிலில் குண்டு விழுந்த இடத்தை ஒரு கல்வெட்டு இன்றும் காட்டுகிறது.

மெரினாவின் இப்போதைய கோபுரம் 1977 ஜனவரியில் வேலைக்கு வந்தது. பதினொரு மாடி, உள்ளே லிஃப்ட். கலங்கரை விளக்கம் என்றாலே சுழல் படியில் மூச்சிரைக்க ஏறுவது என்றிருந்த வழக்கத்தை இது மாற்றிவிட்டது. ஒவ்வொரு கலங்கரை விளக்கத்துக்கும் தனி மினுக்கு முறை உண்டு. சென்னையுடையது பத்து விநாடிக்கு இரண்டு மினுக்கு. கடலில் இருப்பவர் கடிகாரத்தை வைத்து எண்ணி, குறிப்பேட்டோடு ஒப்பிட்டு, இது சென்னைதான் என்று உறுதி செய்துகொள்ளலாம்.

பாதுகாப்புக் காரணம் சொல்லித் தொண்ணூறுகளில் பொதுமக்கள் ஏறுவதை நிறுத்தினார்கள். ஒரு தலைமுறைச் சென்னைப் பிள்ளைகள் சுண்டல் தின்றுகொண்டே கீழிருந்து அண்ணாந்து பார்த்ததோடு சரி. 2013 நவம்பரில் மறுபடி திறந்தபோது, சிறுவயதில் ஏறியவர்கள் தங்கள் பிள்ளைகளைக் கூட்டிவரும் வாய்ப்புக் கிடைத்தது. மேலிருந்து ஒரு பக்கம் சாந்தோம் தேவாலயத்தின் வெள்ளைக் கூம்பு, இன்னொரு பக்கம் மயிலைக் கோபுரம், நேர் கீழே நொச்சிக்குப்பத்துப் படகுகள். மணலில் நடக்கும்போது முடிவே இல்லாததுபோல் தெரியும் மெரினாவுக்கு, அங்கிருந்து பார்த்தால் ஒரு வடிவம் கிடைத்துவிடுகிறது.

இன்று பெரிய கப்பல்களில் ஜிபிஎஸ் இருக்கிறது. ஆனாலும் கருவி கெட்டால் கண்தானே துணை? கட்டுமரக் காலத்திலிருந்தே மீனவர்கள் கரையில் உயர்ந்து தெரியும் இரண்டு பொருட்களை ஒரே கோட்டில் நிறுத்தி இடம் குறிப்பவர்கள். இப்படியொரு பட்டை போட்ட கோபுரம் அந்தக் கணக்குக்கு வசதி.

நான்கையும் ஒரே நாளில் பார்க்க நினைப்பவர்கள் வெள்ளிக்கிழமையைத் தவிர்க்கவேண்டும், கோட்டை அருங்காட்சியகத்துக்கு அன்று விடுமுறை. உயர் நீதிமன்ற வளாகத்துக்குள் பாதுகாப்புச் சோதனை கடுமை. வழக்கு இல்லாதவர்கள் முன்கூட்டியே விசாரித்துக்கொண்டு போவது நல்லது. பறக்கும் ரயிலில் வருகிறவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை: கலங்கரை விளக்கம் என்ற பெயருள்ள நிலையத்தில் இறங்கினாலும் கடற்கரையை நோக்கி நல்ல தூரம் நடக்கவேண்டும்.