50 மில்லி நீரில் ஒரு கணக்கு

நுரையீரலைச் சுற்றி இயல்பாக இருக்கும் நீர் 10 முதல் 20 மில்லி. சில நோய்களில் அது லிட்டர் கணக்கில்கூடக் கோத்துக்கொள்ளும். காரணம் டிபியா, புற்றா? 2023-ல் இந்தியாவில் டிபி கண்டவர்கள் சுமார் 28 லட்சம் என்பது மதிப்பீடு. 2022-ல் புதிதாக நுரையீரல் புற்று கண்டவர்கள் சுமார் 81,700. அதனால் முதல் சந்தேகம் டிபி மேல்தான் விழுகிறது.

இதைச் சோதிக்க, ஒசூர்க்காரருக்குச் சென்னையைவிடப் பெங்களூரின் எலெக்ட்ரானிக் சிட்டி பக்கம். இங்கே பயோடெக் பார்க்கில் மரபணு ஆய்வு நடக்கிறது. அடுத்துள்ள பொம்மசந்திராவில் 2009-ல் தொடங்கிய மஜும்தார் ஷா புற்றுநோய் மையம் இருக்கிறது.

நீரில் மிதக்கும் செல்களின் டிஎன்ஏவை அளந்தும் புற்றைத் தேடலாம். சாதாரண செல் ஒன்றில் 46 குரோமோசோம்; டிஎன்ஏவின் எடை சுமார் 6.6 பிக்கோகிராம், அதாவது ஒரு கிராமின் லட்சம் கோடியில் 6.6 பங்கு. 1924-ல் விஞ்ஞானி ஃபியூல்கன் கண்ட சாயம் டிஎன்ஏவின் அளவுக்கேற்ப ஏறும். நிறத்தை அளந்தால் எடை தெரிந்துவிடும். சாதாரண செல்லுக்கு 1 என்று வைத்தால், பிரியப்போகும் செல் 2-ஐ எட்டும். 1.4, 1.7 என்று நடுவில் ஒரு கூட்டம் நின்றால் புற்றுச் சந்தேகம் வலுக்கிறது. ஃப்ளோ சைட்டோமீட்டர் என்ற கருவி 10,000 செல்களைச் சில நிமிடங்களில் அளந்துவிடும். ஆனால் சில புற்றுச் செல்கள் 1-லேயே நிற்கும். அழற்சிச் செல்களின் கூட்டத்தில் சில மறைந்தும் போகும். ஆகவே, 1 வந்ததும் நிம்மதி அடைய முடியாது. மைக்ரோஸ்கோப்பில் பார்க்கும் சைட்டாலஜியும் 100 புற்றில் சுமார் 60-ஐத்தான் பிடிக்கிறது.

டிபி கிருமியின் டிஎன்ஏவைத் தேடும் எக்ஸ்பர்ட் கார்ட்ரிட்ஜ் வளரும் நாடுகளுக்கு 9.98 டாலராக இருந்தது. 2023 செப்டம்பரில் 7.97 ஆனது. அரசு மையங்களில் சோதனை இலவசம், முடிவும் 2 மணி நேரத்தில் வந்துவிடும். ஆனால் நெஞ்சு நீரில், கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சரில் உறுதியான டிபியிலேயே சுமார் பாதிதான் இதில் சிக்குகிறது.

செலவுப் பட்டியலில் எனக்குப் பெரிதாகத் தெரிவது நாள்தான். டிபி மருந்து 6 மாதம். 90 நாளில் இருமடங்காகும் கட்டி இருந்தால், ஊகத்தில் தொடங்கிய அந்தச் சிகிச்சை முடிவதற்குள் நான்கு மடங்காகிவிடும்.

நோயாளி மேஜைமேல் குனிந்து உட்கார, முதுகில் ஊசி இறங்கி இளமஞ்சள் நீர் குழாயில் வருகிறது. லிட்டர் கணக்கில் எடுத்துவிட்டு 5 மில்லியை மட்டும் லேபுக்கு அனுப்புவது கொடுமை. சைட்டாலஜிக்கு 25 முதல் 50 மில்லி வேண்டும். அதற்குக் கூடுதல் செலவு ஏதுமில்லை. எவ்வளவு அனுப்பினார்கள் என்று கேளுங்கள். முடிவு தெளிவில்லை என்றால், நுரையீரல் உறையிலிருந்து பயாப்ஸி எடுக்கலாமா என்று அடுத்துக் கேளுங்கள்.