இன்ஜினுக்குள்ள நட்டு விழுந்துடுச்சா? முதல்ல கிக்கர்ல இருந்து காலை எடுங்க!

ஞாயிற்றுக்கிழமை காலை. வீடியோ பார்த்து, சொந்தமா டேப்பட் அட்ஜஸ்ட் பண்ண உட்கார்ந்தாச்சு. லாக் நட்டை ஒரு சுத்து அதிகமா திருப்ப... 'டிங்'! நட்டைக் காணோம். தரையிலும் இல்லை.

"ஸ்டார்ட் பண்ணிப் பார்ப்போம், எங்கயாவது ஒதுங்கிக்கும்"னு தோணும். அந்த ஒரு கிக்தான் ஆபத்து!

ஏன் ஸ்டார்ட் பண்ணக் கூடாது?

100 சிசி இன்ஜின், கம்ப்ரஷன் ரேஷியோ 10:1-னு வெச்சுக்கோங்க. பிஸ்டன் உச்சிக்கு வரும்போது அதுக்கு மேல மிச்சமிருக்கிற இடம் சுமார் 11 சிசி. ரெண்டு டீஸ்பூன் அளவுதான்! ஐடிலிங் 1,400 ஆர்பிஎம்னா, பிஸ்டன் நொடிக்கு 23 தடவை மேல வரும். நடுவுல இரும்புத் துண்டு மாட்டினா அலுமினிய பிஸ்டன் குழியும், வால்வு வளையும்.

எங்கே விழுந்திருக்கும்?

ஸ்பார்க் பிளக் ஓட்டை வழியா விழுந்தா, பிஸ்டன் தலை மேல கிடக்கும்.

கார்புரேட்டரைக் கழட்டும்போது இன்லெட்டுக்குள்ள விழுந்தா, வால்வு மூடியிருக்கிற வரை அங்கேயே நிற்கும். கிக் பண்ணினா வால்வு திறந்து சிலிண்டருக்குள்ள போயிடும்.

டேப்பட் பக்கம் விழுந்தா, முதல்ல ஹெட்டுல இருக்கிற பள்ளங்களை டார்ச் அடிச்சுப் பாருங்க. அங்கே இல்லைன்னா, டைமிங் செயின் போற பாதை வழியா கீழே இறங்கியிருக்கலாம்.

எடுப்பது எப்படி?

ஆன்டெனா மாதிரி நீளுற காந்தக் குச்சி ஹார்டுவேர் கடையில கிடைக்கும். இரும்பு நட்டு, ஸ்க்ரூவுக்கு அது போதும். ஆனா பித்தளை ஜெட், காப்பர் வாஷர், அலுமினியத் துண்டு எதுவும் காந்தத்துல ஒட்டாது. அதுக்குக் குச்சி நுனியில கெட்டியான கிரீஸ் தடவி ஒட்டி எடுக்கலாம். உள்ள பார்க்க, போன்ல மாட்டுற எண்டோஸ்கோப் கேமரா உதவும்.

ஏர் அடிக்காதீங்க, இன்னும் ஆழமா தள்ளிடும். வேக்குவம் கிளீனர்ல டியூப் மாட்டி உறியலாம். ஆனா பெட்ரோல் வாடை இருந்தா வேண்டவே வேண்டாம். மோட்டார் பொறி பட்டா தீப்பிடிக்கும்.

கிடைக்கலையா? உண்மையைச் சொல்லுங்க!

வெட்கப்பட்டு, "வண்டி ஸ்டார்ட் ஆகலண்ணா"ன்னு மட்டும் மெக்கானிக்கிட்ட சொல்லிடாதீங்க. அவர் முதல்ல செய்யறதே கிக் அடிச்சுப் பார்க்கிறதுதான்! வண்டியை நியூட்ரல்ல தள்ளிட்டுப் போங்க. கியர்ல போட்டுத் தள்ளினா இன்ஜினும் சுத்தும். "அண்ணா, நான்தான் கழட்டினேன். உள்ள ஒரு நட்டு விழுந்துடுச்சு, இன்னும் ஸ்டார்ட் பண்ணல"ன்னு சொல்லுங்க. சைடு கவரைக் கழட்டி எடுக்கிறதோட வேலை முடியலாம்.

அடுத்த தடவை...

திறந்த ஓட்டை எதுவா இருந்தாலும், பெரிய கலர் துணியால அடைச்சு, நுனியை வெளியே தொங்க விடுங்க. மூடும்போது எடுக்க மறக்காது. ஸ்பார்க் பிளக்கைக் கழட்டுறதுக்கு முன்னாடி சுத்தியுள்ள மண்ணைத் துடைச்சிடுங்க. கழட்டின ஒவ்வொண்ணையும் ஒரு தட்டுல வரிசையா வெச்சு, போன்ல போட்டோ எடுத்துக்கோங்க. மூடும்போது எண்ணிப் பாருங்க. ஒண்ணு குறைஞ்சாலும், அது கைக்கு வர்ற வரை சாவி பாக்கெட்லயே இருக்கட்டும்!