கடன் யாருக்கு? – 7: ஃபிளாமர்ஸ்ஃபெல்டின் மாடுகள்

சென்ற வாரம் அமெரிக்காவின் 1977 சமூக மறுமுதலீட்டுச் சட்டத்தோடு நிறுத்தினோம். ஏழைகள் வாழும் பகுதியில் டெபாசிட் வாங்கும் வங்கி அங்கேயும் கடன் தர வேண்டும் என்பது அதன் சாரம். அதையே ஜெர்மனியின் ஸ்பார்காசே வங்கிகள் எப்படிச் செய்கின்றன என்று இந்த வாரம் எழுதுவதாக இருந்தது. ஆனால் ஊர்ப் பணத்தை ஊருக்கே கடனாகத் தரும் கூட்டுறவு முறைக்கு வேரான மனிதரைச் சொல்லாமல் மேலே போக முடியவில்லை.

ஃபிரீட்ரிஷ் வில்ஹெல்ம் ரைஃபைசன் ரைன் மாநிலத்தின் ஏழைக் கிராமங்களுக்கு மேயர். 1846-47 பஞ்சத்தில் வையர்புஷ் ஊருக்கு அரசு மாவு வந்தது, ரொக்கத்துக்கு மட்டுமே தர வேண்டும் என்ற உத்தரவோடு. காசில்லாதவர்களுக்குத்தான் பசி என்பதால் அவர் கடனாகக் கொடுத்தார். ஊரிலேயே ரொட்டி சுடும் கூடமும் எழுப்பினார். 1849-ல் ஃபிளாமர்ஸ்ஃபெல்டில் வசதியுள்ளவர்களைச் சேர்த்து ஒரு சங்கம் அமைத்தார். அது மாடு வாங்கி ஏழை விவசாயிக்குக் கொடுத்தது. விலையை அவர் ஐந்து ஆண்டுத் தவணையில் கட்டினால் போதும். வட்டிக்காரரிடம் மாட்டையும் நிலத்தையும் சேர்த்து இழந்துகொண்டிருந்த குடும்பங்களுக்கு அந்த ஐந்து ஆண்டுகள்தான் உயிர்மூச்சு. ஆனால் பணக்காரர்களின் ஆர்வம் நாளடைவில் வற்றியது. எனவே 1864-ல் ஹெடஸ்டோர்ஃபில் அமைப்பையே மாற்றினார்: கடன் வேண்டுபவர் உறுப்பினராக வேண்டும், சங்கத்தின் கடனுக்கு ஒவ்வொருவரும் தம் சொத்து முழுவதையும் பொறுப்பாக்க வேண்டும், எல்லை, ஒருவரையொருவர் அறிந்த சிறு வட்டாரம். என் வாதம் இதில்தான் நிற்கிறது. ஏழைக்குத் தரும் கடனைக் காப்பது அடமானம் அல்ல. பணம் போட்டவரும் வாங்கியவரும் ஒரே ஊரில், ஒரே இழப்புக்குப் பொறுப்பாக இருப்பதுதான்.

கிராமத்துக்குப் பொருந்தியது நகரத்தின் ஏழைப் பகுதிக்குப் பொருந்துமா என்று கேட்கலாம். ஷூல்ட்சே என்பவர் 1850-லேயே டெலிட்ஷ் நகரத்தின் கைவினைஞர்களுக்காகக் கடன் சங்கம் தொடங்கிவிட்டார். இன்றைய ஃபோல்க்ஸ்பாங்க், ரைஃபைசன்பாங்க் இரண்டும் இந்த இரு ஊற்றுகளில் பிறந்தவையே. இன்னொரு ஆட்சேபம் கனமானது: அறிமுகத்தை நம்பும் சங்கம், புதிதாகக் குடியேறியவரை வெளியே நிறுத்திவிடாதா? நிறுத்தும். அங்கே சட்டம் வந்தாக வேண்டும். 2016 முதல் ஜெர்மனியில் வீடற்றவருக்கும் அடைக்கலம் தேடி வந்தவருக்கும் அடிப்படை வங்கிக் கணக்கு உரிமை. கணக்கு என்பது கடன் ஆகாது என்றாலும் வாசல் அதுதான்.

நம் ஊரிலேயே இது தோற்றதே என்பதுதான் கடுமையான கேள்வி. சென்னை மாகாண அரசு 1892-ல் ஃபிரெடெரிக் நிக்கல்சனை ஐரோப்பாவுக்கு அனுப்பியது. 1895-லும் 1897-லும் வந்த அவருடைய அறிக்கைகள் ரைஃபைசன் முறையையே வலியுறுத்தின. 1904-ல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம். அதே ஆண்டு இன்றைய திருவள்ளூர் மாவட்டத்துத் திரூரில் முதல் விவசாயக் கடன் சங்கம். அரை நூற்றாண்டு கழித்து அகில இந்திய கிராமக் கடன் ஆய்வு எண்ணிப் பார்த்தபோது, 1951-52-ல் கிராமத்தார் வாங்கிய கடனில் கூட்டுறவின் பங்கு சுமார் 3 சதவீதம்தான். சங்கத்தின் வடிவம் ஜெர்மனியிலிருந்து வந்தது. உறுப்பினரின் சேமிப்பு மட்டும் சேரவில்லை. பெரும்பகுதிப் பணம் மேலிருந்து இறங்கியது. தன் பணம் போடாத ஊருக்கு வசூலில் அக்கறை எப்படி வரும்? தோற்றது முறை அல்ல, அதன் பாதி.

தன் எல்லைக்கு வெளியே தொழில் செய்ய விடாமல் ஸ்பார்காசேயைக் கட்டிப்போடும் மாநிலச் சட்டங்கள் அடுத்த வாரம். அதற்குள், உங்கள் ஊர் கூட்டுறவுக் கடன் சங்கத்தின் ஆண்டறிக்கையில் உறுப்பினர் டெபாசிட் எவ்வளவு, வெளியிலிருந்து வாங்கிய கடன் எவ்வளவு என்று பார்த்து வையுங்கள்.