தாயிழந்த அரண்மனை: ஹெஸ் இளவரசர் லூட்விக்கும் அவர்தம் மக்களும்

அரண்மனையிற் பிறந்தோர்க்கு அல்லல் இல்லை என்று எண்ணுவது உலக வழக்கம். மன்னர் செய்த போர்களையும் உடன்படிக்கைகளையும் விரிவாகக் கூறும் சரித்திர நூல்கள், அம்மன்னரின் மனைக்குள்ளே, பிள்ளைகளின் கட்டிலருகே நிகழ்ந்தவற்றைப் பெரும்பாலும் கூறுவதில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜேர்மனியில் வாழ்ந்த லூட்விக் என்னும் இளவரசரின் வரலாறோ மனைக்குள்ளேதான் நடந்தது. அவர் பேரரசு எதனையும் நிறுவியவரல்லர். பெரும் புகழ் படைத்தவருமல்லர். எனினும், அவருடைய மகளிருள் ஒருத்தி ருஷ்யாவின் சக்கரவர்த்தினியானாள். இன்னொருத்தி திருச்சபையாற் புனிதையெனப் போற்றப்பட்டாள். இரண்டாம் உலக யுத்த காலத்தில் நமது கண்டி மாநகரில் தலைமையகம் அமைத்துத் தென்கிழக்காசியப் படைகளை நடத்திய மவுண்ட்பேட்டன் பிரபு அவருடைய மகள் வயிற்றுப் பேரனே.

பிறப்பும் திருமணமும்

1871 ஆம் ஆண்டுவரை ஜேர்மனி ஒரே நாடாக இருக்கவில்லை. பல சிற்றரசுகளாகப் பிரிந்து கிடந்தது. அவற்றுள் ஒன்று ஹெஸ். அதன் தலைநகரம் டார்ம்ஸ்டாட். அந்நாட்டை ஆண்டவர் ‘பெருங்கோமகன்’ என்னும் பட்டம் தரித்திருந்தார். அவருக்குப் பிள்ளைகள் இல்லாமையால், தம்பியாகிய கார்ல் இளவரசரின் மூத்த மகன் லூட்விக்கே பிற்காலத்தில் பட்டத்துக்கு உரியவரானார். இவர் பிறந்தது 1837 ஆம் ஆண்டு செப்டெம்பர் 12 ஆந் திகதி. இவருடைய தந்தையின் தங்கை மரீ, ருஷ்யச் சக்கரவர்த்தி இரண்டாம் அலெக்சாந்தரின் மனைவி. சிறிய நாடாயினும் பெரிய இடத்து உறவு!

1860 ஆம் ஆண்டில் லூட்விக் இங்கிலாந்துக்கு விருந்தினராகச் சென்றார். அங்கே விக்டோரியா மகாராணியாரின் இரண்டாம் மகள் அலிஸைக் கண்டார். இருவர் மனமும் ஒன்றுபட்டன. அவ்வாண்டு இறுதியிலேயே நிச்சயதார்த்தம் நடந்தது. ஆனால் மணநாள் வருமுன்னர் இடி விழுந்தது. 1861 ஆம் ஆண்டு டிசெம்பர் 14 ஆந் திகதி அலிஸின் தந்தை அல்பேட் இளவரசர் காலமானார். நோயுற்ற தந்தைக்கு இரவு பகலாகப் பணிவிடை செய்தவள் பதினெட்டு வயதுப் பெண்ணாகிய அலிஸே. அந்தத் திகதியை வாசகர்கள் மனத்திற் கொள்க; இக்கதையில் அது மீண்டும் வரும்.

1862 ஆம் ஆண்டு யூலை முதலாந் திகதி ஒஸ்போண் மாளிகையின் உணவுக் கூடத்திலே திருமணம் நடைபெற்றது. துக்கம் மாறாத மகாராணியார்க்கு அது மணவீடாகத் தோன்றவில்லை, பிணவீடாகவே தோன்றிற்று.

போரும் குடும்பமும்

டார்ம்ஸ்டாட்டில் இளந்தம்பதியரின் வாழ்வு ஆடம்பரமானதன்று. வருவாய் குறைவு. மகாராணியின் மகளாயினும் அலிஸ் தன் பிள்ளைகளின் ஆடைகளைத் தானே தைத்தாள். விக்டோரியா, எலிசபெத், ஐரீன், ஏர்ன்ஸ்ட், பிரீட்ரிக், அலிக்ஸ், மரீ என ஐந்து பெண்ணும் இரண்டு ஆணுமாக எழுவர் பிறந்தனர்.

1866 ஆம் ஆண்டிற் பிரஷ்யாவுக்கும் ஒஸ்திரியாவுக்கும் போர் மூண்டது. ஹெஸ் ஒஸ்திரியாவின் பக்கம் நின்றது. அலிஸின் தமக்கையோ பிரஷ்யப் பட்டத்து இளவரசரின் மனைவி! ஒரு தாய் வயிற்றுப் பெண்கள் இருவரின் கணவன்மார் எதிரெதிர்ப் பாசறைகளில் நின்றனர். லூட்விக் போர்க்களத்தில் இருந்த வேளையில், யூலை 11 ஆந் திகதி, அலிஸ் மூன்றாம் மகளைப் பெற்றாள். பிரஷ்யப் படைகள் நகரை நெருங்கிய அக்காலத்திற் பிறந்த குழந்தைக்கு, கிரேக்க மொழியிற் ‘சமாதானம்’ எனப் பொருள்படும் ஐரீன் என்னும் பெயரை இட்டனர். போரில் ஹெஸ் தோற்றது, நிலத்திற் சிலவற்றை இழந்தது, தண்டப்பணமும் கட்டியது.

நான்கு ஆண்டுகளின் பின் பிரான்சுடன் போர் வந்தபோது, அதே பிரஷ்யாவின் தலைமையில் ஹெஸ் படைப்பிரிவை நடத்திச் சென்றார் லூட்விக். கிராவெலொட் என்னுமிடத்தில் நிகழ்ந்த கடும் போரிலும் பங்குகொண்டார். கணவர் களத்தில் நிற்க, அலிஸ் மருத்துவச்சாலைகளில் நின்றாள். 1867 ஆம் ஆண்டிலேயே தாதியர் பயிற்சிக்கென அவள் மகளிர் சங்கமொன்றைத் தோற்றுவித்திருந்தாள். புளோரன்ஸ் நைற்றிங்கேல் அம்மையாருடன் கடிதத் தொடர்பும் கொண்டிருந்தாள். காயமுற்றோர் நண்பரா பகைவரா என்று பாராது பணி செய்தல் வேண்டும் என்பதே அவளுடைய கொள்கை.

வீட்டினுள் ஒளிந்திருந்த நோய்

இளைய மகன் பிரீட்ரிக் இரண்டு வயதுப் பாலகன். 1873 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அவன் காதில் ஏற்பட்ட சிறு காயத்தினின்றும் குருதி நாட்கணக்கில் நில்லாது வடிந்தது. அப்பொழுதுதான் பெற்றோர் உண்மையை உணர்ந்தனர். பிள்ளைக்கு இருந்தது ஹீமோபீலியா என்னும் குருதி உறையாமை நோய்.

இந்நோயின் இயல்பை மாணவர்கள் அறிந்துகொள்வது நன்று. இது பெரும்பாலும் ஆண்பிள்ளைகளையே வருத்தும். ஆயின் அதனைச் சுமந்து அடுத்த தலைமுறைக்குக் கொடுப்பவள் தாய். அவளோ பெரும்பாலும் நோயின் கடும் அறிகுறியின்றி வாழ்வாள். விக்டோரியா மகாராணியாரிடம் இது மறைந்திருந்தது. அவருடைய மகன் லெப்பொல்ட் இந்நோயால் வருந்தினார். மகள் அலிஸ் தன்னை அறியாமலே அதனை டார்ம்ஸ்டாட்டுக்குக் கொண்டு வந்திருந்தாள்.

1873 ஆம் ஆண்டு மே மாதம் 29 ஆந் திகதி, தாயின் அறையில் விளையாடிக்கொண்டிருந்த பிரீட்ரிக் சாளரத்தினின்றும் தவறி விழுந்தான். வேறு பிள்ளையாயிருப்பின் ஒருகாற் பிழைத்திருக்கலாம். அவனுக்கோ மூளையில் வடிந்த குருதி நிற்கவில்லை. சில மணி நேரத்துள் உயிர் பிரிந்தது.

1878 ஆம் ஆண்டின் கார்த்திகை

1877 ஆம் ஆண்டிற் சில மாத இடைவெளியில் லூட்விக்கின் தந்தையும் பெரிய தந்தையும் அடுத்தடுத்து மறைந்தனர். லூட்விக் நான்காம் லூட்விக் என்னும் பெயருடன் பெருங்கோமகனானார். முடிசூடி ஒன்றரை ஆண்டு செல்லுமுன் அந்த அரண்மனைக்குள் அழையா விருந்தாளியொன்று புகுந்தது. அதுவே டிப்தீரியா எனப்படும் தொண்டை அடைப்பான் நோய்.

1878 ஆம் ஆண்டு நவெம்பர் மாதம் மூத்தவள் விக்டோரியா முதலில் நோயில் வீழ்ந்தாள். பின்னர் அலிக்ஸ், மரீ, ஐரீன், ஏர்ன்ஸ்ட் என ஒருவர் பின் ஒருவராக வீழ்ந்தனர். தந்தையும் தப்பவில்லை. இரண்டாம் மகள் எலிசபெத்தை மட்டும் பாட்டியார் வீட்டுக்கு அனுப்பிக் காத்தனர். கணவரையும் ஐந்து மக்களையும் அலிஸ் கண்ணிமை மூடாது பார்த்தாள்.

நவெம்பர் 16 ஆந் திகதி கடைக்குட்டி மரீ, நான்கே வயதில், கண்மூடினாள். நோயுற்றுக் கிடந்த மற்றப் பிள்ளைகளுக்கு அச்செய்தியைத் தாய் மறைத்தாள். தங்கை எங்கே என்று அவர்கள் கேட்கும்போதெல்லாம் கண்ணீரை அடக்கி மறுமொழி கூறினாள். இறுதியில் ஒருநாள் உண்மையைச் சொல்லவேண்டி வந்தது. கேட்ட ஏர்ன்ஸ்ட் கதறி அழுதான். பிள்ளைகளை நெருங்கி அணைத்தலாகாது என்று மருத்துவர் விதித்திருந்தனர். ஆயினும் பத்து வயது மகன் அழ, பெற்ற மனம் விதியை எண்ணிப் பார்க்குமா? அவனை அணைத்து முத்தமிட்டாள். அந்த முத்தத்தின் வழியே நோய் அவளைப் பற்றியது என்று அக்காலத்தோர் கருதினர். பிரித்தானியப் பிரதமர் பிரபுக்கள் சபையிலே இச்செய்தியை உருக்கத்தோடு எடுத்துரைத்தார்.

டிசெம்பர் 14 ஆந் திகதி அலிஸ் இறந்தாள். தந்தை இறந்து சரியாகப் பதினேழு ஆண்டு நிறைந்த அதே நாள். அப்பொழுது அவளுக்கு வயது முப்பத்தைந்து. டார்ம்ஸ்டாட்டில் அவள் துயிலுமிடத்தில், இறந்த குழந்தை மரீயை அணைத்தபடி தாய் படுத்திருக்கும் கற்சிலையொன்று உண்டு.

தாயுமான தந்தை

நாற்பத்தொரு வயதில் மனைவியை இழந்த லூட்விக்கிடம் நான்கு பெண்களும் ஓர் ஆணும் எஞ்சினர். மூத்தவளுக்குப் பதினைந்து வயது. இளையவள் அலிக்ஸுக்கு ஆறு. பாட்டியாராகிய மகாராணியார் பேரப்பிள்ளைகளை அடிக்கடி இங்கிலாந்துக்கு அழைத்தார். கல்வி, உடை, ஒழுக்கம் யாவற்றையும் கடித மூலம் விசாரித்தார். தம் கடைசி மகளையே மருமகனுக்கு மணமுடித்து வைக்கவும் எண்ணினார். ஆனால் இறந்த மனைவியின் தங்கையை மணத்தலை அக்காலப் பிரித்தானியச் சட்டம் தடுத்தது. வீட்டிலோ மூத்தவள் விக்டோரியா தம்பி தங்கையர்க்குத் தாயாக நின்றாள்.

1884 ஆம் ஆண்டு ஏப்பிரில் 30 ஆந் திகதி அவளுக்கு பட்டன்பேர்க் குடும்பத்து லூயி இளவரசருடன் திருமணம் நடந்தது. அதே நாளில் ஒருவரும் அறியாமல் தந்தையும் மறுமணம் செய்துகொண்டார். மணமகள் ருஷ்ய அரசதூதர் ஒருவரின் மணமுறிவு பெற்ற மனைவி. மகாராணியார் சினந்தார்; அரச குடும்பங்கள் யாவும் முகஞ்சுளித்தன. அவ்வாண்டிலேயே அத்திருமணம் இரத்துச் செய்யப்பட்டது. அதன்பின் லூட்விக் வேறு மணம் நாடவில்லை. 1892 ஆம் ஆண்டு மார்ச் 13 ஆந் திகதி தம் ஐம்பத்து நான்காம் வயதில் உலக வாழ்வை நீத்தார். அப்பொழுது மணமாகாதிருந்த மகள் பத்தொன்பது வயது அலிக்ஸ் ஒருத்தியே.

மக்கள் கண்ட வாழ்வு

எலிசபெத், தந்தையின் அத்தை மகனாகிய ருஷ்ய இளவரசர் ஸெர்ஜை 1884 ஆம் ஆண்டில் மணந்திருந்தாள். 1905 ஆம் ஆண்டிற் கணவர் குண்டுவீச்சுக்கு இரையானார். கொன்றவனைச் சிறையிற் சென்று கண்ட அப்பெண்மணி, 1909 ஆம் ஆண்டில் மொஸ்கோவிலே கன்னியர் மடமொன்றை நிறுவி, ஏழைகளுக்கும் நோயாளருக்கும் தொண்டு செய்தாள். தாயின் வழியே மகளின் வழியும்!

அலிக்ஸ் 1894 ஆம் ஆண்டில் ருஷ்யச் சக்கரவர்த்தி இரண்டாம் நிக்கலஸை மணந்து அலெக்சாந்திரா ஆனாள். 1904 ஆம் ஆண்டிற் பிறந்த ஒரே மகன் அலெக்ஸியிடம் அந்தப் பழைய குருதிநோய் மீண்டும் தலைகாட்டியது. மருத்துவர் கைவிட்ட மகனைக் காக்க ரஸ்புட்டின் என்பானை அவள் நம்பியதும், அந்நம்பிக்கை அரச குடும்பத்தின் மீது மக்களுக்கிருந்த வெறுப்பை வளர்த்ததும் யாவரும் அறிந்தவை. ஐரீனின் மகன்மார் மூவருள் இருவரையும் அந்நோய் பற்றியது. அவர்களுள் ஒருவன் நான்கு வயதிலே மாண்டான்.

1918 ஆம் ஆண்டு யூலை 17 ஆந் திகதி சக்கரவர்த்தியும் அலிக்ஸும் ஐந்து மக்களும் எக்கத்தரின்பூர்க் நகரிற் சுட்டுக் கொல்லப்பட்டனர். மறுநாள் எலிசபெத் சுரங்கக் குழியொன்றில் தள்ளப்பட்டு இறந்தாள். ருஷ்யத் திருச்சபை 1992 ஆம் ஆண்டில் அவளைப் புனிதையெனப் பிரகடனம் செய்தது.

தாயின் முத்தத்தைப் பெற்ற ஏர்ன்ஸ்ட், தந்தையின் பின் பெருங்கோமகனாகி, டார்ம்ஸ்டாட்டிற் கலைஞர் குடியிருப்பொன்றை 1899 ஆம் ஆண்டில் அமைத்தான். அது 2021 ஆம் ஆண்டில் உலக மரபுரிமைச் சின்னமாக ஏற்கப்பட்டது. 1918 ஆம் ஆண்டில் அவன் அரியணையை இழந்தான்.

மூத்தவள் விக்டோரியாவின் சந்ததியை அந்நோய் தீண்டவில்லை. அவள் மகனே மவுண்ட்பேட்டன் பிரபு. அவளுடைய மகள் வயிற்றுப் பேரன், எலிசபெத் மகாராணியாரின் கணவரான பிலிப் கோமகன். எக்கத்தரின்பூர்க் அருகே புதைகுழியில் அகப்பட்ட எலும்புகள் எவருடையவை என்று ஆராய்ந்தபோது, விஞ்ஞானிகள் பிலிப்பின் குருதி மாதிரியையே நாடினர். தாய்வழியாக மட்டும் தொடரும் ஒரு மரபணுக்கூறு உண்டு. அது அலிஸிடமிருந்து மகள் அலிக்ஸுக்கும், மற்ற மகள் வழியாகப் பிலிப்புக்கும் வந்திருந்தது. இரண்டும் ஒத்திருந்தமையால் 1993 ஆம் ஆண்டில் உண்மை துணியப்பட்டது. நோயைக் கடத்திய அதே தாய்வழி உறவு, பெயரற்றுக் கிடந்த எலும்புகளுக்குப் பெயரும் தந்தது.

எஞ்சியது எது?

ஹெஸ் அரியணை இன்று இல்லை. லூட்விக்கின் ஆண்வழியும் 1968 ஆம் ஆண்டோடு அற்றுப்போயிற்று. அலிஸ் தோற்றுவித்த தாதியர் பணியோ தழைத்தது. அவள் பெயர் தாங்கிய மருத்துவமனை, அவள் மறைந்து ஒரு நூற்றாண்டு கழிந்த பின்னரும் டார்ம்ஸ்டாட்டில் நோயாளரைப் பேணி வந்தது.

அவள் இறந்து பன்னிரண்டு ஆண்டுகளின் பின், 1890 ஆம் ஆண்டில், ஜேர்மனியைச் சேர்ந்த பேரிங்கும் யப்பானியரான கித்தசாட்டோவும் தொண்டை அடைப்பான் நோயின் நஞ்சை முறிக்கும் வழியைக் கண்டனர். அந்த மருந்து முன்னரே கிடைத்திருப்பின் மரீயும் அவள் தாயும் பிழைத்திருக்கக் கூடும். தடுப்பூசி அதன் பின் வந்தது. 1878 ஆம் ஆண்டில் இங்கிலாந்து மகாராணியின் மகளுக்கும் கிட்டாத காப்பு இன்று ஏழை வீட்டுக் குழந்தைக்கும் கிட்டுகின்றது. பிள்ளையின் தடுப்பூசி நாளை மறந்துவிடும் பெற்றோர், டார்ம்ஸ்டாட் அரண்மனையில் அலிஸ் விழித்திருந்த இரவுகளை ஒருகணம் நினைத்துப் பார்ப்பாராக.