கம்ப்யூட்டருக்குக் காய்ச்சலா? பட்டாணி அளவு பசை போதும்!

பிள்ளையின் படிப்புக்கு என்று பழைய கம்ப்யூட்டர் ஒன்று வாங்கி இருப்பீர்கள். அல்லது ஆபீஸ் விட்டு வந்த பிறகு, ஜி.எஸ்.டி. கணக்கு எழுதி நாலு காசு பார்ப்பதற்காக தாராவி வீட்டில் ஒரு பெட்டி இருக்கும். கொஞ்ச நாளாக அது தானாகவே நின்று விடுகிறது. உள்ளே மின்விசிறி 'ஓ' என்று இரைகிறது. ரிப்பேர்காரர் வந்து தொட்டுப் பார்த்து விட்டு, "பிராசசர் போய் விட்டது. புதுசுதான் போட வேண்டும்" என்கிறார். செலவு ஆயிரக்கணக்கில்!

பணத்தை எடுப்பதற்கு முன் ஒன்றைக் கவனியுங்கள். பிராசசருக்கும், அதன் மேல் உட்கார்ந்திருக்கும் கூலருக்கும் நடுவில் ஒரு பசை உண்டு. அது காய்ந்து போய் இருக்கலாம். லேமிங்டன் ரோட்டுக் கடைகளில் 'தெர்மல் பேஸ்ட்' என்று கேட்டால், ஊசிக்குழல் போன்ற சிறு குழலில் கொடுப்பார்கள். சாதாரண ரகம் என்றால் ஓரிரு நூறு ரூபாயோடு முடிந்து விடும்.

எதற்கு இந்தப் பசை?

1981-ல் ஐ.பி.எம். வெளியிட்ட முதல் பர்சனல் கம்ப்யூட்டரில் இருந்த 8088 என்ற பிராசசருக்குக் கூலரே கிடையாது. அது தின்ற மின்சாரம் ஓரிரு வாட்தான். இன்றோ 65 வாட் பிராசசர் சர்வ சாதாரணம். எரிகிற 60 வாட் குண்டு பல்பைக் கையால் பிடிக்க முடியுமா? அவ்வளவு சூடும் இங்கே விரல் நகம் அளவு சில்லில் பிறக்கிறது.

கூலரின் அடிப்பாகம் கண்ணுக்குக் கண்ணாடி போலத் தெரியும். பூதக்கண்ணாடியில் பார்த்தால் மேடும் பள்ளமும்தான். பள்ளத்தில் காற்று தங்கி விடுகிறது. தாமிரம் சூட்டைக் கடத்தும் வேகத்தோடு ஒப்பிட்டால், காற்று சுமார் 15 ஆயிரம் மடங்கு மட்டம். காய்ச்சல்காரர் நெற்றியில் போட்ட ஈரத்துணி படியாமல் தூக்கிக் கொண்டிருந்தால் சூடு தணியுமா? அந்த இடைவெளியை அடைப்பதுதான் பசையின் வேலை.

பசை காற்றை விட எவ்வளவோ மேல். ஆனால் உலோகத்துக்குப் பக்கத்தில்கூட வர முடியாது. ஆகவே அள்ளி அப்பினால் அதுவே கம்பளி ஆகி விடும். நம் வீட்டுப் பந்தியில் நெய் ஊற்றுகிற தாராளம் இங்கே கூடாது!

கழற்றும்போது ஜாக்கிரதை

முதலில் கம்ப்யூட்டரைப் பத்து நிமிடம் ஓட விடுங்கள். பழைய பசை இளகும். பிறகு அணைத்து, பிளக்கைப் பிடுங்கி விட்டு, கூலரின் பிடியைத் தளர்த்தி, இடமும் வலமுமாக மெல்லத் திருகி எடுக்க வேண்டும். நேராக மேலே இழுத்தால், ஏ.எம்.டி.யின் 'ஏ.எம்.4' போன்ற ரகங்களில் பிராசசரும் ஒட்டிக் கொண்டு வந்து விடும். கம்பிகள் வளைந்தால் நிஜமாகவே புதுசு வாங்க நேரிடும்.

பழைய பசையை ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட, நூல் பிரியாத துணியால் துடையுங்கள். நன்றாக உலர்ந்ததும் நடுவில் பட்டாணி அளவு பசை. விரலால் தடவ வேண்டாம். கூலரின் அழுத்தமே பரப்பி விடும். நாலு மூலை திருகுகளை ஒரே மூச்சில் முடுக்காமல், எதிர் எதிர் மூலையாகக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்குங்கள். மின்விசிறி ஒயரை மறுபடி சொருக மறந்து விடாதீர்கள்.

புதிய கூலர் வாங்கினால் அடியைத் திருப்பிப் பாருங்கள். பலவற்றில் கம்பெனியே பசை பூசி அனுப்புகிறது. அதன் மேல் இன்னொரு பூச்சு வேண்டாம். பாதுகாப்புக்கு ஒட்டிய பிளாஸ்டிக் தாள் இருந்தால் உரித்து விடுங்கள். அதை உரிக்காமலே மாட்டி விட்டு, கம்பெனியைத் திட்டுகிறவர்களும் உண்டு!

பல் விளக்கும் பேஸ்ட் போதும் என்று சிலர் சொல்வார்கள். அது சீக்கிரமே காய்ந்து உதிர்ந்து விடும். 'லிக்விட் மெட்டல்' என்ற விலை உயர்ந்த சரக்கும் வேண்டாம். அதில் உள்ள காலியம் அலுமினியத்தை அரித்து விடும். சிந்தினால் ஷார்ட் சர்க்யூட்.

எல்லாக் கோளாறுக்கும் பசையே காரணம் அல்ல. கூலரின் இடுக்கில் அடைத்த தூசியும் இதே தொல்லையைக் கொடுக்கும். கம்ப்யூட்டரைப் போட்டதும் 'டெலீட்' அல்லது 'எப்-2' பொத்தானை அழுத்தினால் வரும் 'பயாஸ்' திரையில், பல கம்ப்யூட்டர்களில் பிராசசரின் சூடு டிகிரி கணக்கில் தெரியும். சும்மா நிற்கும்போதே 90-ஐத் தொட்டால் கூலர் பக்கம்தான் கோளாறு. 40, 50 டிகிரியிலேயே அணைந்து போனால் பசைக்குச் செலவு செய்ய வேண்டாம். முதலில் பவர் சப்ளையைச் சோதிக்கச் சொல்லுங்கள்.